பாவு போடற தெருவுல முப்பதடிக் கம்பம்

ஆண்டெனா மாட்டறவன் பொழப்பு இருக்குதே, படம் நல்லா வந்தா டி.வி. நல்ல டி.வி., வரலைன்னா ஆண்டெனாக்காரன் உருப்படாதவன். எண்பதுகள்ல டி.வி. வாங்கின வீட்டுக்காரங்களுக்கு நான் சொல்றது புரியும். மேல ஒருத்தர் கம்பத்தைத் திருப்ப, கீழ ஒருத்தர் "வந்துச்சு... போச்சு..."ன்னு கத்த, நடுவுல சோறு ஆறிப்போய் உக்காந்திருந்த பாவப்பட்ட ஜனங்கதானே நாம எல்லாரும்! ஆரணியில நான் நட்ட கம்பங்க எத்தனையோ. அதுல கன்னியப்பன் வீட்டுக் கம்பம் ஒண்ணுதான் எனக்குப் புத்தி சொல்லிக் குடுத்துச்சு.

முளை அடிக்கப் போன இடம்

கன்னியப்பன் பட்டு நெசவுக்காரர். ஓட்டு வீடு, முன்னறையில தறி. மெட்ராஸ்லருந்து வர்ற படம் ஆரணி வந்து சேர்றதுக்குள்ள அதுக்கே மூச்சு வாங்கும், அதனால முப்பதடி இரும்பு பைப்பு வேணும். அது சாயாம நிக்க மூணு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டணும். வாசல்ல கம்பத்தை நிறுத்தி, ரெண்டு கம்பியைப் பின்பக்கம் கட்டிட்டேன். மூணாவதுக்காகத் தெருவுல முளை அடிக்கச் சுத்தியலை ஓங்கினேன். கன்னியப்பன் சம்சாரம் பச்சையம்மா ஓடி வந்து என் கையைப் பிடிச்சிகினாங்க.

விடிஞ்சதும் அந்தத் தெரு நெடுக பட்டு நூலை நீட்டிக் கட்டி, இழை இழையா சரி பண்ணுவாங்க. அதுதான் பாவு போடறது. குறுக்க ஒரு முளை இருந்தா போச்சு. எனக்கோ மூக்குக்கு மேல கோவம் வரும். "ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கினா இன்னா குடி முழுவிப் போச்சு?"ன்னு கேட்டுட்டேன். அந்தம்மா கோவிச்சிக்கல. பொறுமையா சொன்னாங்க: "உங்க கம்பத்துக்கு அவ்ளோ பெரிய வானம் இருக்குது தம்பி. எங்க பாவுக்கு இந்த ஒரு தெருதான் இருக்குது."

எதிர்வீட்டுச் சுவரு

அப்போ ஒரே வழி, கம்பியைத் தெருவுக்கு மேலாகவே கொண்டுபோய் எதிர்வீட்டுச் சுவத்துல கொக்கி போட்டு மாட்டறது. எதிர்வீடு துரைசாமியோடது. அவரும் நெசவுதான். தெருவுல யாரு முதல்ல பாவு போடறதுன்னு ஒருநாள் வந்த தகராறுல, அவரும் கன்னியப்பனும் ரெண்டு வருஷமா மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. "நான் போய்க் கேக்க மாட்டேன்"னு கன்னியப்பன் உள்ள போயிட்டாரு. பேஜாரு புடிச்ச வேலைடா சாமின்னு நானே போனேன்.

துரைசாமி தறியை நிறுத்தாமலே கேட்டுகினாரு. ஓடிகினு இருந்த வரிசையை முடிச்சிட்டு எழுந்து வந்து, சுவத்தைத் தட்டிப் பாத்து, கொக்கி போட இடத்தையும் அவரே காட்டினாரு. "ஆழமா அடிங்க, மண்ணு சுவரு"ன்னு சொன்னாரு. நான் ஜல்தியா முடிக்கிற அவசரத்துல மூணு அங்குலத்தோட நிறுத்திட்டேன். நன்றி சொன்னப்ப வேணாம்னு கையை ஆட்டினாரு: "அவரு வந்து கேக்கல, நீங்க வந்து கேட்டீங்க. சுவத்தை உங்களுக்குத்தான் குடுத்திருக்கறேன்."

கீழருந்து வந்த தகவல்

சாயங்காலம் நிகழ்ச்சி ஆரம்பிச்சதும் திருப்பற வேலை. கூட்டாளி மாணிக்கம் ஏணியைப் பிடிச்சிக்க, நான் மேல. டி.வி. முன்னாடி பச்சையம்மா. எல்லா வீட்லயும் "கொஞ்சம் வருது, கொஞ்சம் வரல"ன்னுதான் தகவல் வரும், அதை வெச்சிகினு நாக்குதான் வழிக்கலாம். இந்தம்மா அப்படியா? "இடது ஓரத்துல நாலு கோடு நெளியுது. இப்ப ரெண்டு. இன்னும் ஒரு இழை அளவு மெட்ராஸ் பக்கம். நிறுத்துங்க!"ன்னாங்க. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. அப்படி ஒரு கண்ணை என் தொழில்ல நான் வேற எங்கயும் பாக்கல.

இறங்கி வந்து பாத்தா, கண்ணாடி மாதிரி படம், ஒரு அம்மா செய்தி வாசிச்சிகினு இருக்காங்க. பச்சையம்மா மட்டும் புருவத்தைச் சுருக்கிகினு நின்னாங்க. இன்னும் இன்னாம்மா குறைன்னு கேட்டேன். "அந்தம்மா புடவைக் கரையில பிசிறு தெரியுது. அது உங்க ஆண்டெனா தப்பு இல்ல தம்பி, நெய்தவன் தப்பு."

வில்லா வளைஞ்ச பைப்பு

மறுநாளே ஆள் அனுப்பிட்டாங்க, படம் போச்சுன்னு. போய்ப் பாத்தா என் முப்பதடி பைப்பு வில்லு மாதிரி வளைஞ்சி நிக்குது! விஷயம் இன்னான்னா, கன்னியப்பன் காலையில கம்பியை விரலால சுண்டிப் பாத்திருக்காரு. தொய்வா தெரிஞ்சிருக்குது. தொய்வைப் பாத்தா நெசவுக்காரர் கை சும்மா இருக்குமா? பாவை இழுக்கற மாதிரியே இறுக்கிட்டாரு மனுஷன். நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

அவரு ஒவ்வொரு கம்பியா திரும்ப சுண்டினாரு. "இது ரெண்டு சுத்து, அது அரை சுத்து விடுங்க"ன்னாரு. விட்டேன். பைப்பு நேரா நிமிந்துடுச்சு. தூக்குக்குண்டை விட்டுப் பாத்தேன், ஒரு நூல் பிசகல. நான் அதைக் கையில வெச்சிகினே அரை நாள் அல்லாடற வேலை அது. கத்தின எனக்கு அவருதான் சமாதானம் சொன்னாரு: "தப்பு என்னுதுதான் தம்பி. கம்பி பட்டு இல்லன்றத கை மறந்துடுச்சு."

ஐப்பசிக் காத்து

ஐப்பசியில ஒரு மத்தியானம் காத்தும் மழையும் பேயா அடிச்சிச்சு. எனக்கு அந்த மூணு அங்குலக் கொக்கி ஞாபகம் வந்துடுச்சு. காத்து தெருப் பக்கத்துலருந்து அடிக்குது. எதிர்வீட்டுக் கம்பி விட்டுச்சுன்னா கம்பம் கன்னியப்பன் ஓட்டு மேலதான் சாயும். ஓட்டுக்கு நேர் கீழ தறி. தறியில ஒரு கல்யாணப் புடவை, பாதி நெய்தது, முகூர்த்தத்துக்கு எட்டே நாள். மழை இறங்கினா சாயம் ஓடிடும், ஒரு மாச உழைப்பும் பொண்ணு வீட்டுக்குக் குடுத்த வாக்கும் சேந்து போயிடும். நானும் மாணிக்கமும் சைக்கிளை மிதிச்ச மிதி எங்களுக்குத்தான் தெரியும்.

போய்ப் பாத்தா கம்பம் ஆடுது, ஆனா நிக்குது. பச்சையம்மாவும் கன்னியப்பனும் உள்ள தறி மேல தார்ப்பாய் போத்தி, அதுமேல கையை விரிச்சிகினு நிக்கறாங்க. எதிர்வீட்டைத் திரும்பிப் பாத்தேன். கொக்கி சுவத்தைப் பேத்துகினு வெளியே தொங்குது. துரைசாமி நட்ட நடு மழையில நிக்கறாரு. தன் தறியில பாவை இழுத்துக் கட்டியிருந்த கயித்தை அவுத்துக் கொண்டாந்து, என் கம்பியோட முடிச்சிப் போட்டு, வாசல் தூணுல நாலு சுத்து சுத்தி, நுனியைக் கையில பிடிச்சிகினு இருக்காரு. உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சி ரத்தம். உள்ளே அவரு பாவு தரையில தொய்ஞ்சி கிடக்குது, அதைத் திரும்ப சரி பண்ண ரெண்டு நாளாவது ஆகும்.

நாங்க கயித்தை வாங்கி, தூணுலயே கெட்டியா கட்டினோம். காத்து அடங்கினதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, மறைக்காம சொல்றேன். "அவருகிட்ட பேச்சு வார்த்தை கூட இல்லையேங்க, அவருக்காகவா இப்படி?"ன்னு கேட்டேன். துரைசாமி கையை வேட்டியில துடைச்சிகினே, எதிர்வீட்டுப் பக்கம் திரும்பாமலே சொன்னாரு: "அந்த ஆளுகிட்ட நான் பேசறதில்ல, இனிமேலும் பேசமாட்டேன். அவரு தறி எனக்கு இன்னா பண்ணுச்சு?"

நான் நட்ட கம்பம் ஒண்ணுகூட இன்னிவரைக்கும் விழுந்ததில்லன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் மார்தட்டிக்கிறேன். அதுல ஒண்ணு விழாததுக்கு நான் காரணமில்லன்றத மட்டும் யாராவது கேட்டாத்தான் சொல்றது.