நீலப் பேசினுக்குள் கரைந்தவை

மச்சாளின் நீலப் பிளாஸ்டிக் பேசினை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். அதற்குள் கிடந்த கூழை நினைத்தல்ல. அன்றைக்கு அதற்குப் பக்கத்தில் நின்ற திட்ட அலுவலரை நினைத்து.

நான் அப்போது கடலட்டைக் குஞ்சு வளர்க்கும் நிலையமொன்றில் வேலை செய்தேன். குருநகர்க் கரையில் சில பெண்களுக்கு வளர்க்கக் குஞ்சு கொடுக்கும் திட்டம் ஒன்று. அண்ணையைக் கடல் கொண்டுபோனபின் பிள்ளைகளோடு தனித்துப்போன மச்சாளும் அவர்களில் ஒருவர். கடலுக்குள் தடி ஊன்றி வலை அடைத்து, புதுப் பேசினும் வாங்கிக்கொண்டு காத்திருந்தார். கையளிப்பு விழாவன்று காலையில், கடல்நீரோடு கட்டிய குஞ்சுப் பைகளை வாகனத்திலிருந்து இறக்கியவரும் அவர்தான்.

பிரதம விருந்தினர் வரும்வரை பைகள் வெயிலில் கிடந்தன. "நிழலிலை வைப்பம் சேர்" என்றேன். "பனருக்கு முன்னாலை இருக்கட்டும், படம் எடுக்கவேணும்" என்றார் அலுவலர். தண்ணீர் சுடுகிறது என்று நான் மறுபடி சொன்னதும், கிணற்றுத் தண்ணீரை அள்ளுவித்துப் பைகளுக்குள் ஊற்றச் செய்தார். கடற்பிராணிக்கு நன்னீர்! கத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் விருந்தினர் வந்து முதற்பையை அவிழ்த்து மச்சாளின் பேசினுக்குள் கவிழ்த்தார். விழுந்தது வெறும் கூழ், அழுகல் நாற்றத்தோடு.

எந்த உடலும் கலங்களால், அதாவது உயிரணுக்களால் மட்டும் நிற்பதில்லை. கலங்கள் தம்மைச் சுற்றிப் புரத இழைகளைச் சுரந்து ஒரு வலை பின்னிக்கொள்கின்றன. வளரும் குஞ்சில் கலங்கள் பெருகப் பெருக, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது அந்த வலைதான். கொலாஜன் அதில் முக்கியமான இழை. கடலட்டை அந்தப் பிடிப்பைத் தானே இளக்கும், தானே இறுக்கும். அளவுக்கு மீறி வதைத்தால் இளகியது திரும்ப இறுகாது, தோலே வழிந்துவிடும். அலுவலருக்கு இது தெரியாததல்ல. அவரும் விலங்கியல் படித்தவர்.

அவர் பேசினைப் பார்த்தார். பிறகு மச்சாளைப் பார்த்தார். மாதவிலக்கைத் துடக்கென்று சொல்லி, அந்த நாட்களில் பெண்கள் வலை தொடாத கரை அது. வெளியூர்க்காரர் அதை எங்கே கேள்விப்பட்டாரோ, அத்தனை பேர் முன்னால் கேட்டார்: "பையளை இறக்கினது நீர்தானே? துடக்கோடை தொட்டனீரோ?"

மச்சாள் பேசினிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நான் வெயிலைச் சொன்னேன், கிணற்றுத் தண்ணீரைச் சொன்னேன். "உமக்கு உந்த விஷயங்கள் விளங்காது தம்பி" என்று சிரித்தார். த்தூ! அந்தச் சிரிப்பைப் போல அருவருப்பான ஒன்றை நான் பிறகு காணவில்லை. சனமும் நம்பியது. அடுத்த முறை குஞ்சு வந்தபோது, மச்சாளுக்குக் கொடுக்கவேண்டாம் என்று மற்றப் பெண்களே சொன்னார்கள். அவருடைய வலையடைப்பு கடலில் வெறுமனே நின்று இற்றுப்போயிற்று.

இத்தனை வருடம் கழித்துப் போன கிழமை, பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றை அந்த மனிதர் நாடா வெட்டித் திறக்கும் படத்தைத் தொலைபேசியில் கண்டேன். அருவருத்து மூடிவிட்டு மச்சாள் வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் நீலப் பேசின் வெளிறிக் கவிழ்ந்து கிடந்தது. மச்சாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் ஒருவர் கையிலும் எதையும் கொடுப்பதில்லை.

"கையிலை தாங்கோ மச்சாள்" என்றேன்.

"துடக்கு நிண்டு எவ்வளவோ காலம் தம்பி. எண்டாலும் கை வருகுதில்லை. நீர் எடும்."