இரட்டைக் கன்றுகள் பிறந்த ஞாயிறு

ஜெர்மனியில், ஊன்ட்றொப் என்ற இடத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் வரும் மலைப்பாங்கான ஊரில், ஒரு ஜெர்மன் குடும்பத்தின் மாட்டுப் பண்ணையில் நான் ஆறு வருடம் வேலை செய்தேன். நாற்பது பசுக்கள். பால் கறந்து விற்பதற்காக அல்ல, கன்றுகளுக்காக வளர்க்கப்பட்ட செந்நிறப் பசுக்கள். மாசியில் கன்று போடும் காலம் தொடங்கினால் சித்திரை முடியும்வரை எங்களுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான்.

காலை ஆறு மணிக்குத் தொழுவத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது வால்களைத்தான். வாலடியின் இரு பக்கமும் குழி விழுந்திருந்தால் அன்றைக்கோ மறுநாளோ கன்று. அப்படிப்பட்டவளை வைக்கோல் நிறையப் போட்ட தனி அடைப்புக்கு மாற்றிவிட்டு, கரும்பலகையில் அவளுடைய காதிலக்கத்தை எழுதுவேன். பண்ணைக்காரிக்கு என் வயதுதான். பலகையைப் பார்த்ததும், "மத்தியானத்துக்கு முன்னா, பின்னா?" என்று பந்தயம் கட்டுவாள். தோற்றவர் கோப்பி போட வேண்டும். பெரும்பாலும் அவள்தான் போட்டாள்.

நான் சொல்ல வந்த ஞாயிறு ஈஸ்டருக்கு அடுத்தது. அவர்களுடைய கடைசி மகளுக்கு அன்று முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. வெள்ளை உடுப்புப் போட்ட சிறுமியோடு குடும்பம் முழுவதும் எட்டு மணிக்கே தேவாலயத்துக்குப் போய்விட்டது. எசன் நகரில் எங்களுக்கு ஒரு கல்யாண வீடு. அவர்கள் திரும்பும்வரை மட்டும் மாடுகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். என் கணவர் பத்து மணிக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. திருகாணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவருக்கு மாடு என்றாலே பயம். எப்போது வந்தாலும் பண்ணை வாசல் படலையடியில் நின்று ஹோர்ன் அடிப்பாரே தவிர, தொழுவத்தில் கால் வைத்ததில்லை.

ஒன்பதரைக்குப் பதினேழாம் இலக்கப் பசுவுக்குப் பனிக்குடம் உடைந்தது. எனக்குச் சந்தோசம். நான் போவதற்குள் கன்றைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு குளம்புகள் வெளியே தெரிந்தன. குனிந்து பார்த்தேன். அடிப்பாதங்கள் மேல்நோக்கி இருந்தன. கையை உள்ளே விட்டுத் தடவினால் தலை இல்லை, குதிமூட்டுத்தான் அகப்பட்டது. கன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

பண்ணைக்காரியின் கைப்பேசி தேவாலயத்துக்குள் அணைந்து கிடந்தது. மாட்டு வைத்தியர் எடுத்தார். வேறொரு பண்ணையில் நிற்பதாகவும், வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும் என்றும் சொன்னார்.

"அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது. பாதி வெளியே வந்ததும் தொப்புள்கொடி நசுங்கிவிடும். ஆகவே இழுக்கத் தொடங்கினால் இடையில் நிறுத்தாதே. உன்னோடு யாராவது இருக்கிறார்களா?"

அந்த நேரம் பார்த்துப் படலையடியில் ஹோர்ன் அடித்தது.

"என் கணவர் வந்துவிட்டார்."

"பலசாலியா?"

கைப்பேசியோடே வெளியே ஓடினேன்.

"இஞ்சாருங்கோ! கெதியா உள்ளுக்கு வாங்கோ!"

"நேரம் போகுது. நீர் இன்னும் சீலை மாத்தேல்லையே?"

"கன்று பின்பக்கமா வருது. இழுக்கோணும். எனக்குத் தனிய ஏலாது."

"நானோ? இந்தக் கோட்டோடையோ?"

"கழட்டி எறிஞ்சுபோட்டு வாங்கோ!"

என் குரல் அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். கோட்டைக் கம்பியில் தொங்கவிட்டு, மினுங்கும் சப்பாத்தோடு வைக்கோலுக்குள் இறங்கினார். நான் கன்றின் கால்களில் கயிற்றைக் கட்டி ஒரு முனையை அவரிடம் கொடுத்தேன். "அவள் முக்கேக்கை மட்டும் இழுங்கோ. நான் சொன்னால் பிறகு விடவே கூடாது." பசு முக்கினாள், இழுத்தோம். ஓய்ந்தாள், ஓய்ந்தோம். இடுப்பு வெளியே வந்ததும், "இப்ப! விடாதேங்கோ!" என்று கத்தினேன். இருவரும் பின்னால் சாய்ந்து இழுத்த இழுவையில் கன்று வழுக்கிக்கொண்டு வந்து எங்கள் காலடியில் விழுந்தது.

அது அசையவில்லை.

வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை வழித்தேன். நெஞ்சை வைக்கோலால் தேய்த்தேன். ஒரு வைக்கோல் துரும்பை மூக்குக்குள் விட்டுக் குடைந்தேன். ஒன்றும் இல்லை. கணவர் ஒரு வாளி பச்சைத் தண்ணீரைத் தூக்கிவந்து, நான் கேட்கும் முன்பே அதன் தலையில் ஊற்றினார். கன்று தும்மியது. பிறகு விலா எழும்பித் தாழ்ந்தது.

"மூச்சு விடுது! இஞ்சை பாரும், மூச்சு விடுது!"

மாடுகளுக்குப் பயந்த மனிதர் பசுவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று துள்ளிக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தன. ஆனால் பசு இன்னும் முக்கிக்கொண்டிருந்தாள். நஞ்சுக்கொடி விழப்போகிறது என்று நினைத்துக் கையை விட்டால், உள்ளே இன்னொரு குளம்பு. அதற்குப் பக்கத்தில் ஈரமான ஒரு மூக்கு. என் விரலை அது சப்பியது!

"இன்னொண்டு இருக்குது!"

"என்னது?"

அடுத்த முக்கலிலேயே பாதி வந்துவிட்டது. கயிறு கட்டவும் நேரமில்லை. கணவர் இரண்டு கையாலும் ஏந்தினார், இரண்டாவது கன்று அவருடைய மடியில்தான் பிறந்தது. இரண்டும் பெட்டைக் கன்றுகள்.

பசு எழும்பி இரண்டாவதை நக்கத் தொடங்கினாள். முதலாவதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதை இழுத்துக்கொண்டுபோய் அவளுடைய முகத்துக்கு நேரே போட்டேன். மோந்தாள். விலகினாள். திரும்ப வந்து இன்னொரு தடவை மோந்தாள். பிறகு, தொண்டைக்குள் உறுமிக்கொண்டே நீள நாக்கால் அதன் முதுகை நக்கினாள். நாலு தரம் விழுந்து ஐந்தாவது தரம் எழும்பிய அந்தக் கன்று, கால்களை அகட்டி வைத்துக்கொண்டு மடியைத் தேடிப் போயிற்று. முதற்பாலான கடும்பு அதன் வாயோரத்தில் வழிவதைக் கண்ட பிறகுதான் நான் வைக்கோலில் உட்கார்ந்தேன்.

வைத்தியர் வந்து மூவரையும் சோதித்துவிட்டு, "எனக்கு இங்கே வேலை இல்லை" என்று கை கழுவினார். சிறிது நேரத்தில் தேவாலயத்திலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். வெள்ளை உடுப்போடு அந்தச் சிறுமி அடைப்புக்குள் பாய, "உடுப்பு! உடுப்பு!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்த பண்ணைக்காரி, கன்றுகளைக் கண்டதும் உடுப்பை மறந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

கணவரின் கைப்பேசி அடித்தது. எசனிலிருந்து மாப்பிள்ளையின் தமையன்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. வரப் பிந்தும். இரட்டைப் பிள்ளையள் பிறந்திருக்குது."

தமையனின் கேள்வி எனக்கும் கேட்டது.

"ஆருக்கு?"

"எங்களுக்குத்தான்" என்றார் அவர்.

கல்யாண வீட்டுக்கு நாங்கள் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் மாப்பிள்ளையின் தாய் எங்கள் இரட்டைப் பிள்ளைகளுக்கென்று வாங்கிய குழந்தைச் சாமான் பையோடு நின்றார்.