மாடுகளுக்குப் பெரட்டு எடுப்பவர்

ஒரு புல்லைக் கிள்ளி, மண்ணைத் தட்டி, கடைவாயில் போட்டு அரைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார் குழந்தைவேலு. பிறகு ஓரமாகத் துப்புவார். "சாறு இருக்கு. அடித்தண்டுல லேசா இனிப்பு. ஆனா நாரு ஜாஸ்தி. அஞ்சு நாளைக்கு முந்தியே அறுத்திருக்கணும்." தான் மெல்லாத புல்லை மாட்டின் முன்னால் போடுவதில்லை என்பது அவருடைய கட்சி. "நம்ம வாய்க்கு ஆகாதத வாயில்லா ஜீவனுக்குப் போடலாமா, டிரெசரய்யா? இந்தாங்க, நீங்களும் ஒரு கடி கடிச்சுப் பாருங்க" என்பார். நான் இந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர், காயம் கட்டி மருந்து கொடுப்பவன். மருந்தலமாரியில் கரப்பான்பூச்சியைத் தவிர வேறொன்றும் இல்லாத காலம்தான். அதற்காக எனக்கென்று ஒரு மரியாதை இல்லாமல் போய்விடுமா? இருந்தாலும் நாலைந்து தடவை மென்றிருக்கிறேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஐம்பது வயதைத் தாண்டிய, குள்ளமான, காய்ந்த மனிதர். அரைக்கால் சட்டையில் துணியைவிடக் கோணிச்சாக்கு ஒட்டுதான் அதிகம். இரண்டு முழங்காலுக்குக் கீழும் கோடு கோடாகத் தழும்புகள். அவை லாலாங் கிழித்தவை. எங்கள் தோட்டம் சுங்கை லாலாங் பக்கம். ஊர்ப்பேரிலேயே அந்தப் புல் உட்கார்ந்திருக்கும்போது தோட்டத்துக்குள் வராமலா இருக்கும்? வாள் போன்ற இலை, ஊசி போன்ற வேர். ரப்பர் மரத்துக்கு எமன். அதைத் தோண்டி எறியும் ஆட்களுக்கு இருபத்திரண்டு வருடம் கங்காணியாக இருந்தவர் குழந்தைவேலு. வெள்ளைக்காரத் துரை பிரம்பைச் சுழற்றிக்கொண்டு வருவார். ஒரு லாலாங் தாள் கண்ணில் பட்டால் போதும், அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கே அரைப் பேர். அதாவது அரை நாள் வேலைதான் கணக்கு.

சப்பான்காரன் வந்தான், துரை ஓடினார், ரப்பர் பால்வெட்டு நின்றது. இப்போது எங்கள் கெடா மாநிலமே சயாம்காரன் கைக்கு மாறிவிட்டதாம். மாடுகளுக்கு அது தெரியாது. எங்களுக்கும் மரவள்ளிக்கிழங்கின் ருசி மாறவில்லை. புல்லைக் கொன்று பிழைத்த மனிதர் மட்டும் புல்லை நட்டுப் பிழைக்கும்படி ஆகிவிட்டது. "கொன்ன பாவம் சும்மா விடுமா? அதுக்கே கும்பிடு போட வெச்சிருச்சு" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரிப்பார். மேய்கிற மாடு தலை தூக்கிப் பார்க்கும், அவ்வளவு பெரிய சிரிப்பு.

சிரிப்பதற்கு முந்திய கதை ஒன்று உண்டு. ரப்பர் மரங்களின் அடியில் மண்ணைக் காக்கத் துரைமார் ஒரு பயற்றங்கொடி விதைத்திருந்தார்கள். அதில் மாடு வாய் வைத்தால் அந்தக் காலத்தில் அபராதம். துரை போன மறுவாரமே, நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் மாடுகள் பதினெட்டையும் அவிழ்த்துவிட்டோம். கட்டவிழ்ந்த மாடுகளுக்குக் கேட்கவா வேண்டும்! மூன்று மாதத்தில் கொடியை வேரோடு தின்று தீர்த்தன. அந்த இடத்தில் லாலாங் வந்து நின்றது. மாடுகளின் விலா எண்ணலாம் போல ஆயிற்று, பால் சுண்டிப்போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் லயத்து இராசாத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் புருஷன் தர்மலிங்கத்தைச் சயாமில் ரயில் பாதை போடச் சப்பான்காரன் கொண்டுபோய்விட்டான். மூன்று வேளையும் மரவள்ளி தின்னும் பெண்ணுக்கு மார்பில் பால் எங்கிருந்து வரும்? இரண்டாம் மாதமே வற்றிவிட்டது. குழந்தை அழகம்மாவை ரப்பர் நிறுக்கும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தவன் நான். பார்த்துவிட்டு எடையை வெளியே சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவின் மாடு சிவப்பி கொடுக்கிற பாலில்தான் அந்தப் பிள்ளையின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. நாளுக்கு இரண்டு பால்டின் கறந்தது, ஒன்றரை ஆயிற்று, ஒன்று ஆயிற்று.

ஒருநாள் குழந்தைவேலு என்னைக் கூப்பிட்டு, லாலாங்குக்கு நடுவே மொட்டையாகக் கிடந்த மண்ணைக் காட்டினார். "லாலாங்கை எப்படிக் கொன்னோம் தெரியுமா? ஒரு தடவை வெட்டினா சாகாது. தளுத்து வரும். வந்த தளிரை உடனே வெட்டு. மறுபடி வரும், மறுபடி வெட்டு. மூச்சு விடவே விடக்கூடாது. கடைசில வேருல இருக்கிற சத்தெல்லாம் தீந்து செத்துப்போகும். அதே வேலையத்தான் நம்ம மாடு நல்ல கொடிக்குப் பண்ணியிருக்கு. மூச்சு விட நாள் குடுத்தா நல்ல புல்லு பிழைக்கும். எத்தன நாள்னு கொன்னவனுக்குத் தெரியாதா?"

பாப்பம்மாவிடம் இதைச் சொன்னதும், வாயில் இருந்த புகையிலையை ஒதுக்கிக்கொண்டு அவள் பிடித்த பிடி இருக்கிறதே! "எம் மாடு, எங்க வேணும்னாலும் மேயும். நீ என்ன துரையா அண்ணே?"

"துரை போயிட்டான், பாப்பம்மா. அதனாலதான் நாமளே பாக்கணும்."

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. பார்த்துடலாம் லா!"

அந்த எட்டு நாளையே சோதனைக்கு வைத்தார்கள். துரை பங்களாவின் குதிரைக் கொட்டிலுக்குப் பின்னால், குதிரைக்கென்று நட்ட கினிப்புல் யாரும் தொடாமல் மார்பளவு நின்றது. அதைச் சிவப்பிக்குப் போடுவது. குழந்தைவேலுவின் ஒரே மாடு வெள்ளச்சிக்கு லாலாங். காலையும் மாலையும் பெடோங்கிலிருந்து ஷம்சுதீன் பாய் நடந்து வந்து நடுவராக நிற்பார். அவருடைய சாப்பாட்டுக் கடையில் மாவும் இல்லை, சீனியும் இல்லை. இப்போது ஆடு வளர்க்கிறார். கறந்த டின் ஒன்றுக்கு, ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு ஒன்றைக் கவிழ்த்து வரிசையாக வைத்தோம். பழைய மருந்துச்சீட்டின் முதுகில் எழுதிக்கொண்டது நான். எட்டாம் நாள் சிவப்பி ஒரு டின் ஏறியிருந்தது. "எம் மாடு நல்ல மாடு. புல்லுக்கு எதுக்குப் பேரு?" என்றாள் பாப்பம்மா. நியாயமான கேள்வி. இரண்டு மாட்டுக்கும் தீனியை மாற்றினோம். அடுத்த எட்டு நாளில் வெள்ளச்சி ஏறியது, சிவப்பி இறங்கியது. பாப்பம்மா மங்குகளைத் தானே ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். "சரி அண்ணே, உன் கட்சிதான் ஜெயிச்சுது. ஆனா எம் மாடும் நல்ல மாடுதான்" என்றாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் மாட்டுப் பெரட்டு. முன்பெல்லாம் விடியுமுன் தண்டவாளத் துண்டைத் தட்டி, ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்களே, அந்தப் பெரட்டு. அதே களத்தில், அதே தண்டவாளத் துண்டைத் தட்டி, இவர் மாடுகளைப் பேர் சொல்லி எண்ணுகிறார். "சிவப்பி! வந்தாச்சா? மயிலை! கருப்பி! நெத்திச்சுட்டி எங்கடா, இன்னும் படுத்திருக்காளா?" லாலாங்கைத் தோண்டி எறிந்து, கினிப்புல் வேரை நட்டு, ரப்பர்க் காட்டை ஆறு துண்டாக மூங்கில் அடைத்துப் பிரித்திருக்கிறார். ஒரு துண்டில் ஒரு வாரம் மேய்ச்சல், பிறகு ஐந்து வாரம் ஓய்வு. வேலி தாண்டும் மாட்டுக்கு அரைப் பேர்: அன்று பாதி நாள் கட்டுத்தறிதான். மாடுகளுக்கு உறைக்கிறதோ இல்லையோ, மாட்டுக்காரர்களுக்கு நன்றாக உறைக்கிறது.

செய்தி காதோடு காதாகப் பரவி, பாடாங் செராய்ப் பக்கத்திலிருந்து நாலு பேர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிள்ளையார் கோயில் முன்னால் உட்காரவைத்து, ஆளுக்கு மூன்று புல்லை மெல்லக் கொடுத்தார். ஆபீஸில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியாக இருந்த ஒருவர் முகத்தைச் சுளித்தார். "மென்னுங்க அய்யா, கணக்குப் புஸ்தகம் இல்ல, கடிக்காது" என்றார் இவர். போகும்போது கினிப்புல் வேர்க்கட்டை கேட்டார்கள். "தாராளமா. ஆனா ஒரு நிபந்தனை. இன்னொரு தோட்டத்துக்குச் சொல்லிக் குடுக்கிறவனுக்குத்தான் வேரு."

சறுக்காத யானையா? இவரும் சறுக்கினார். நாங்கள் மரவள்ளி இலையை வேகவைத்துக் கடைந்து தின்றுகொண்டிருந்தோம். "மனுசன் தின்னுறான், மாடு திங்காதா?" என்று ஒரு கட்டுப் பச்சை இலையைச் சிவப்பிக்கே போட்டார். மனிதன் வேகவைக்கிறான் என்பது அவருக்கு நினைவில்லை. அரை மணியில் மாடு வாயில் நுரை தள்ளி, கால் நடுங்கிச் சாய்ந்தது. பாப்பம்மா மண்ணை வாரித் தூற்றினாள். இராசாத்தி குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஷம்சுதீன் பாய், நோன்புப் பெருநாளுக்கென்று ஒளித்துவைத்திருந்த கடைசி வெல்லக்கட்டியை ஓடிப்போய் எடுத்து வந்து கரைத்துப் புகட்டினார். வெல்லமோ, வேளையோ, பொழுது சாய்வதற்குள் சிவப்பி எழுந்து நின்றது.

மறுநாள் பெரட்டில் குழந்தைவேலு எல்லா மாட்டையும் கூப்பிட்டு முடித்தார். பிறகு தன் பேரைத் தானே சத்தமாகக் கூப்பிட்டார். "குழந்தைவேலு! உனக்கு இன்னிக்கு அரைப் பேரு. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு." சொல்லிவிட்டு, மாட்டோடு மாடாகக் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் மதியம்வரை உட்கார்ந்திருந்தார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. இப்போது மரவள்ளி இலையை நாள் முழுக்க வெயிலில் வாட்டாமல் யாரும் போடுவதில்லை. அப்போதும் ஒரு கைப்பிடிதான்.

கஷ்டமான காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. நட்ட புல் இன்னும் சரியாக வேர் பிடிக்கவில்லை. ஆறு துண்டையும் ஒருசேரத் தேற்ற வேண்டுமென்றால் நாற்பது நாள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். அடைத்தார். மாடுகள் சாலையோரப் புல்லைச் சுரண்டின. சிவப்பி ஒரு டின்னுக்கும் கீழே போயிற்று. முப்பதாம் நாள் இராசாத்தி பிள்ளையோடு மூங்கில் படலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, புல்லு முழங்கால் உசரம் நிக்குது. திறந்துவிடுங்க மாமா. எம் புள்ள அழக்கூடத் தெம்பில்லாமக் கெடக்கு."

"இப்பத் திறந்தா பத்து நாளைக்குப் பால் வரும், ஆயி. அப்புறம் புல்லும் இருக்காது, பாலும் இருக்காது. அன்னிக்கு உனக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"உங்க புள்ளையா இருந்தா திறந்திருப்பீங்க" என்றாள்.

அவருக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சொல் எனக்கே சுருக்கென்றது. அவர் படலைத் திறக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு, இரண்டு மேட்டைத் தாண்டி ஆற்றங்கரைக்கு நடந்தார். பொழுது இறங்கும்போது ஒரு தலைச்சுமைப் புல்லோடு வந்தார். அவ்வளவையும் சிவப்பிக்குப் போட்டார். வெள்ளச்சிக்கு லாலாங்தான், அதன் பால் நாலே நாளில் நின்றுபோயிற்று. தினமும் அப்படியே போனார். மூன்றாம் நாள் பாப்பம்மாவும் அரிவாளோடு கிளம்பினாள். ஐந்தாம் நாள் ஷம்சுதீன் பாய் ஆடுகளை மகள் சம்சியாவிடம் விட்டுவிட்டு வந்தார். ஆறாம் நாள் நானும் போனேன். தலையில் புல்கட்டோடு டிரெசர் நடந்து வருவதைப் பார்த்து லயமே கைதட்டியது. மீதமிருந்த மரியாதையும் அன்றோடு ஒழிந்தது. சிவப்பி மறுபடி ஒரு டின்னுக்கு ஏறி, அதற்குக் கீழே இறங்கவில்லை. அந்தப் பாலைத் தண்ணீர் விட்டுப் பெருக்கி, பிள்ளையை எப்படியோ இழுத்துப் பிடித்தோம்.

நாற்பதாம் நாள் முதல் துண்டைத் திறந்தார். அதையும் அரை வேளைக்குத்தான். "காஞ்ச மாடு கம்புல பாஞ்ச மாதிரி விட்டா வயிறு ஊதிப்போகும்" என்று, முறைக்கிற மாடுகளையும் முறைக்கிற மாட்டுக்காரர்களையும் விரட்டிவிட்டார். நாலாம் நாள் சிவப்பி இரண்டு டின் கறந்தது. இரண்டாம் வாரம் மூன்றரை. பாப்பம்மா பால் செம்பை லயம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள்.

இது முந்தாநாள் நடந்தது. குழந்தைவேலு பெட்டியடியில் இருந்த ஒரே முழுச்சட்டையைப் போட்டுக்கொண்டு இராசாத்தி வீட்டுக்குப் போனார். தர்மலிங்கம் உயிரோடு இருப்பதாக, சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் சொல்லியிருந்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கோலம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். குழந்தைக்கு அப்போதுதான் பால் புகட்டி முடித்திருந்தாள் இராசாத்தி. சேதியைக் கேட்டதும், பிள்ளையை அவர் தோளில் சாய்த்துவிட்டு, முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றார். ஒரு ஏப்பம் வந்தது. பின்னாலேயே, கொளகொளவென்று, தோளிலிருந்து மார்புவரை திரிந்த பால்.

"ஐயையோ, நல்ல சட்டை மாமா!" என்று இராசாத்தி பதறி முந்தானையோடு ஓடி வந்தாள்.

பிறந்து ஏழு மாதத்தில் அழகம்மாவின் வயிறு கொள்ளாமல் பால் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்ற பாப்பம்மா, "கக்கின பிள்ளை தக்கும்!" என்று லயமே கேட்கும்படி கத்தினாள்.

குழந்தைவேலு, துடைக்க வந்த கையை மெதுவாக விலக்கினார். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, நனைந்த தோளை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.