ரேடியோவைக் குறைத்தது யார்?

வெளியூர் போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டுதானே போகிறீர்கள்? நானும் அப்படித்தான் போனேன்... ரேடியோவைப் பாடவிட்டு.

காக்களூர் தொழிற்பேட்டையை ஒட்டியது எங்கள் நகர். புருஷன் ஒரு ஷிஃப்ட், பெண்டாட்டி ஒரு ஷிஃப்ட் என்று பாதி வீடுகள் பகலிலேயே பூட்டிக் கிடக்கும். திருடனுக்கு வேறென்ன வேண்டும்? வரிசையாகச் சில வீடுகளில் கைவரிசையைக் காட்டிவிட்டான். பயந்துபோய்க் கூட்டம் போட்டோம். வந்திருந்த போலீஸ்காரர் ஒரு யோசனை சொன்னார்.

"ஊருக்குப் போனா ரேடியோவ ஓடவுட்டுப் போங்க. உள்ள ஆள் கீதுன்னு நெனச்சிக்குவான்."

நல்ல யோசனைதானே? போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். கிளம்பும்போது எஃப்.எம்.மை முழுச் சத்தத்தில் வைத்தேன். "காது கிழியுதுங்க" என்றாள் என் மனைவி மல்லிகா. கிழியட்டும்... திருடன் காதுதானே!

திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கும்போதே, பக்கத்து வீட்டு கஸ்தூரி காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஊட்ல யாரண்ணே உட்டுட்டுப் போனீங்க?"

"யாரும் இல்லியேம்மா."

"சும்மா சொல்லாதீங்க. நீங்க போன அன்னிக்கு ரேடியோ இன்னா கத்து கத்திச்சி! எங்க ஊட்டுக்காரரு நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்து தூங்கினு இருந்தாரு. ஒரே பேஜாரு. உங்க ஜன்னலாண்ட வந்து, 'கொஞ்சம் கம்மியா வைங்கப்பா'ன்னு குரல் குடுத்தேன்."

"அப்புறம்?"

"உடனே கம்மி பண்ணிட்டாங்க. நல்ல மனுசங்கண்ணே!"

மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசல் பூட்டு உடையவில்லை; திறந்தேன்.

உள்ளே வைத்தது வைத்தபடி இருந்தது. நகையெல்லாம் மல்லிகா கழுத்தோடு கல்யாணத்துக்கு வந்துவிட்டது, பீரோவில் புடவைகள்தான். ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. பின்கதவுத் தாழ்ப்பாள் மட்டும் திறந்து கிடந்தது. நான் இழுத்துப் பார்த்துவிட்டுப் போன தாழ்ப்பாள் அது.

அந்த வழியாகப் போயிருக்கிறான், சரி. வந்தது எந்த வழியாக? வீடு முழுக்கத் தேடினோம். ஓர் ஓடு நகரவில்லை, ஒரு கம்பி வளையவில்லை.

"நாம கிளம்பும்போதே உள்ளதான் இருந்தானோ..." என்றாள் மல்லிகா. அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

ஸ்டேஷனுக்குப் போனேன்.

"இன்னா சார் காணோம்?"

"ஒண்ணும் காணாம போகல."

"அப்போ இன்னான்னு சார் எழுதறது?"

நியாயமான கேள்வி. திரும்பி வந்துவிட்டேன்.

ரேடியோ இப்போது பரண் மேல். மல்லிகா தனியாக வீட்டுக்குள் நுழைவதில்லை. கடைக்குப் போய்த் திரும்பினால்கூட, நான் வரும்வரை கஸ்தூரி வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வந்ததும் வாசலில் நின்று, "நாங்க வந்துட்டோம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் பூட்டைத் திறக்கிறேன் — யாராவது இருந்தால் பின்பக்கமாகப் போய்விடட்டுமே என்று.

உள்ளே ஆள் இருப்பதாகத் திருடனை நம்பவைக்கப் பார்த்தோம்... இப்போது நம்புவது நாங்கள்தான்!