ரேடியேட்டர் குடித்த கூழ்

என் ஜீப்புக்கு வயசு என் கல்யாணத்தைவிட அதிகம். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து கீழே திருப்பத்தூருக்குத் தினமும் காலையில் ஆள் ஏற்றிப் போவேன். அந்தக் கோடையில் ரேடியேட்டரின் அடியில் சொட்ட ஆரம்பித்தது. "உன் வண்டிக்கு மூக்கு ஒழுவுது" என்பார்கள் ஜனங்கள். நானும் இரண்டு கேன் தண்ணீரை வைத்துக்கொண்டு, அங்கங்கே நிறுத்தி ஊற்றி, நாட்களை ஓட்டினேன்.

ஒருநாள் முன்சீட்டில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஏறினாள். அங்கன்வாடி வேலைக்குப் பத்தரை மணிக்கு நேர்காணல். மடியில் சான்றிதழ் வைத்த மஞ்சள் பை, காலடியில் கேழ்வரகுக் கூழ் நிறைந்த தூக்குவாளி. "போன வாட்டி பஸ்ஸ வுட்டுட்டேண்ணா. இதையும் வுட்டா வயசு தாண்டிடும்" என்றாள். பின்னால் புளிமூட்டையோடு ஒரு பெரியவர்.

பாதி வழியில் ஆவி கிளம்பியது. இறங்கிப் பார்த்தால் சொட்டு ஒழுக்காகியிருந்தது. சூடு தணிந்ததும் ஓட்டையில் சோப்பை அப்பி, ஒரு கேனை ஊற்றினேன். வண்டியைக் கிளப்பிய வேகத்தில் சோப்பு பிய்த்துக்கொண்டு போனது. ஓடையில் தண்ணீர் இல்லை. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

"மஞ்சத்தூள் இருந்தா உள்ள போட்டு அடைக்கலாம்" என்றேன்.

"தூளு அடைக்கும்னா கூழு அடைக்காதா?" என்றாள் அவள்.

"அடைக்கும். ஓட்டைய மட்டுமா? உள்ள இருக்கற மொத்தத்தையும்."

அவள் தூக்கைத் திறந்து வெங்காயத்தைப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தாள்.

"மோர்மொளகா இருந்தா அதையும் போடும்மா. வண்டி தொட்டுக்க இன்னா பண்ணும்?" என்றார் பெரியவர்.

மிச்சமிருந்த தண்ணீரில் கூழைக் கரைத்து ஊற்றினேன். ஒழுக்கு சொட்டானது, பிறகு நின்றது. புளித்த கூழ் வாடையோடு மலை இறங்கினோம். சூடு காட்டும் முள் சிவப்பை ஒட்டியே நின்றது. பத்து இருபதுக்கு அலுவலக வாசலில் விட்டேன். தூக்கை மறந்துவிட்டு ஓடினாள்.

பட்டறையில் மெக்கானிக் பாய் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இன்னாங்க, ஆடி வர்றதுக்குள்ளயே கூழ் ஊத்திட்டீங்களா?" கழுவிப் பார்த்தார், ஆகவில்லை. வேறொரு பழைய வண்டியின் ரேடியேட்டரைக் கழற்றி மாட்டினார்.

சாயங்காலம் அவள் தூக்கைத் தேடிப் பட்டறைக்கு வந்தாள்.

"இன்னா கேட்டாங்க?" என்றேன்.

"கொழந்தைங்களுக்கு இன்னா ஆக்கிப் போடுவேன்னு கேட்டாங்க. கேவுரு கூழுன்னேன்."

"இங்க ஒண்ணு அத குடிச்சிட்டுப் படுத்துடுச்சுன்னு சொன்னியாம்மா?" என்றார் பாய். அப்போதுதான் அவள், ஓரமாகக் கழற்றிப்போட்டிருந்த ரேடியேட்டரைப் பார்த்தாள். "அய்யோ அண்ணா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேலை கிடைத்தது. இப்போது மாசக் கூட்டத்துக்கு என் ஜீப்பில்தான் போகிறாள். பையைக் காலடியில் போட்டுவிடுகிறாள். தூக்கு மட்டும் மடியிலேயே இருக்கிறது.