பழைய வானுக்கு ஒரு குசினி அலுமாரி

என் தங்கச்சியின் புருஷனை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. குடி இல்லை, அடி இல்லை, ஆனால் எந்த வேலையும் அவர் கையில் தங்காது. கோழி வளர்த்தார், கோழி செத்தது. இறால் வளர்க்கிறேன் என்று வாவிக்கரையில் குழி வெட்டினார், மாரி வெள்ளம் வந்து இறாலை வாவிக்கே கொண்டுபோய் விட்டது. கடைசியில், ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கினேன் என்று, கிட்டத்தட்ட என் வயதுள்ள ஒரு ஜெர்மன் வானை ஆரையம்பதிக்கு ஓட்டிக்கொண்டு வந்து, தங்கச்சி வீட்டுக் கிணற்றடியோரம் நிறுத்தினார். முன்னால் இரண்டு வட்ட லைட், தவளை முழிக்கிற மாதிரி.

உள்ளே படுக்கை இருந்தது. குசினி மட்டும் உக்கிப்போய்க் கிடந்தது. அதைப் புதிதாகக் கட்டி, பாசிக்குடாக் கடற்கரைக்கு வருகிற வெள்ளைக்காரருக்கு வானை வாடகைக்கு விடுவதாம். தங்கச்சி கூடவே போய் அப்பமும் மீன்குழம்பும் சமைத்துக் கொடுப்பாளாம்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தங்கச்சி ஏற்கெனவே ஆறு வருஷம் குவைத்தில் யாரோ ஒருத்தியின் குசினியில் நின்று தேய்ந்து வந்தவள். ஏஜென்சிக்காரன் திரும்பவும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட் அவளுடைய கைப்பையிலேயே கிடந்தது. வான் ஓடினால் நிற்பாள், ஓடாவிட்டால் அடுத்த மாதம் போய்விடுவாள். அதற்காகத்தான் உளியை எடுத்தேன், அந்த மனுஷனுக்காக இல்லை.

நான் முப்பது வருஷமாக ஓடாவி. மண்டூரிலிருந்து செட்டிபாளையம் வரைக்கும் நான் நிறுத்திய கதவு நிலைகள் இன்னும் ஒரு நூல் சரியவில்லை. மச்சான் தச்சு வேலை படித்தது போனில். அடுப்புக்கு மேல் மடிகிற பலகை, பக்கத்தில் கைகழுவும் தொட்டி, அதற்குக் கீழே தண்ணீர்க் கான், மூலையில் காஸ் சிலிண்டர், நடுவில் இழுத்துத் திறக்கிற மூன்று லாச்சி. எல்லாம் ஒரு ஆட்டுக்குட்டி படுக்கிற இடத்துக்குள் அடங்கவேண்டும் என்று விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார். தேக்கில் செய்வோம் என்றேன். வேண்டாமாம், மெல்லிய பிளைவூட்தானாம், கனம் கூடினால் வான் ஏற்றத்தில் இழுக்காதாம். மட்டக்களப்பில் ஏற்றம் எங்கே இருக்கிறது? கல்லடிப் பாலம்தான் எங்களுக்கு மலை.

அதோடு விட்டாரா? பிரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியைக் கிழித்து, வானின் உட்சுவரில் ஒட்டவைத்து, கத்தரிக்கோலால் வளைவு வளைவாக வெட்டிக்கொண்டு நின்றார். நான் குமிழி ஓடுகிற நீர்மட்டத்தை எடுத்ததும் வந்து தடுத்தார்.

"மச்சான், வானுக்குள்ள மட்டம் பார்க்கப்படா. வானுட தரையையும் சுவரையும் பார்த்துத்தான் அடிக்கணும். இந்தா, சுவருட வளைவுக்கு அளவா அட்டை வெட்டி வெச்சிருக்கன்."

"ஆட மாட்டாதவள் முற்றம் கோணல் எண்டாளாம்," என்றேன். அட்டையை வாங்கி, முழங்கால் நோகாமலிருக்க நிலத்தில் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு வேலையைத் தொடங்கினேன். அவர் முகம் சுருங்கியது. எனக்கு அது நல்லாகத்தான் இருந்தது.

வானின் வலப்பக்கச் சுவரோடு அலுமாரியை நிறுத்தினேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நட்ட நடுவில் நின்றது. பின்னால் மேற்பக்கத்தில் மட்டும் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்தது. ஜெர்மன்காரனுக்கும் நேராக ஒரு சுவர் வைக்கத் தெரியவில்லை என்று சொல்லி, ஒரு மெல்லிய பலகைக் கீலம் அடித்து மூடினேன். லாச்சிகளுக்கு மச்சான் வாங்கி வந்த இரும்பு ஓடுபாதையைப் பூட்டினேன், விரல் பட்டாலே ஓடும். அவற்றுக்குக் கொளுக்கியும் வேண்டுமாம். நான் அடித்த லாச்சிக்குக் கொளுக்கி எதற்கு?

புதுக் குசினியில் பால் காய்ச்சாமல் எதையும் சமைக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டா. வெள்ளிக்கிழமை காலை பிள்ளையார் கோயிலுக்குப் போவதென்று முடிவானது. புறப்படுகிற நேரம் மச்சான் அலுமாரியைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினார். மாடா கட்டுகிறாய் என்று கேட்டுச் சிரித்தேன். அவர் இன்னொரு முடிச்சும் போட்டார்.

கோயில் முன்னே சீமெந்துத் தரையில் வான் தெற்குப் பார்த்து நின்றது. பக்கக் கதவு கிழக்கே திறந்திருக்க, அம்மாவும் அயல் பெண்களும் அதற்கு வெளியே நின்றார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். தங்கச்சி புது அடுப்பில் புதுச் சட்டியை வைத்தாள். பால் நுரைத்து எழும்பி, கிழக்கே, கதவுப் பக்கமாக வழிந்து, படி வரைக்கும் ஓடியது. பெண்கள் குரவையிட்டார்கள். கிழக்கால் பொங்கினால் அந்த வீட்டுக்குக் குறையே வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மா அழுதேவிட்டா.

நானும் ஒரு கணம் மகிழ்ந்தேன். பிறகுதான் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூட மற்றப் பக்கம் போகவில்லை. உள்ளே ஏறி, யாருக்கும் தெரியக்கூடாதென்று நீர்மட்டத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். குமிழி ஒரு மூலைக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. கிணற்றடி மணல் ஈரம். வலப்பக்கச் சில்லுகள் அங்கே அரைச்சாண் புதைந்து நின்றதை இரண்டு கிழமையாகத் தினமும் பார்த்திருக்கிறேன். சரிந்து நின்ற வானுக்குள் அலுமாரியை மட்டும் நேராக நிறுத்தியிருக்கிறேன். வான் நேரானதும் அலுமாரி சரிந்துவிட்டது. வீட்டுக்கு நிலை வைக்கிற மூளை எனக்கு. வீடு எழும்பி நடக்காது என்ற நினைப்பு.

மச்சானும் குமிழியைப் பார்த்தார். அவிழ்த்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றார். ஏசியிருந்தால் சண்டை பிடித்தாவது தப்பியிருப்பேன்.

தங்கச்சி கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

"அண்ணன், கிழக்கால பொங்கிட்டு. நான் இனிப் போகல்ல. இது இதுக்குள்ளயே கிடக்கட்டும்."

மேல் லாச்சியில் அதை வைத்து மூடிவிட்டு, வழிந்த பாலைத் துடைக்கக் குனிந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் லாச்சி மெல்ல, சத்தமில்லாமல், தானாகத் திறந்துகொண்டு வந்தது. பாஸ்போர்ட் அதற்குள் பளிச்சென்று கிடந்தது.

மச்சான் ஒரு எட்டு வைத்து, முழங்காலால் லாச்சியைத் தள்ளி மூடினார். காலை எடுக்கவில்லை. ஐயர் வந்து திருநீறு கொடுத்தபோதும், அம்மா வாழைப்பழம் நீட்டியபோதும், தங்கச்சி ஆட்களோடு கதைத்துச் சிரித்தபோதும், அந்தக் கால் அங்கேயே நின்றது. வேலை தங்காத ஆள் என்று இவரைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தங்கச்சி இறங்கிக் கோயிலுக்குள் போனதும் கிட்டப் போனேன்.

"மச்சான், அந்த அட்டை எங்கயும் கிடக்கா?"

"டிரைவர் சீற்றுக்குக் கீழ," என்றார். "ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுவந்திருக்கன். அவள் வாறதுக்குள்ள அலுமாரியக் கழட்டுவமா?"