ரொன்டாவில் அம்மாவின் பெயர்

எங்கள் சனம் பயணம் போவதென்றால் போகிற ஊரில் ஒரு பெரியம்மாவாவது சித்தப்பாவாவது இருக்க வேண்டும். லண்டனில் கலியாணம், பாரிசில் சாமத்தியச் சடங்கு என்று ஒரு காரணமும் வேண்டும். ஆகவே அப்பா எங்களை ஸ்பெயினுக்கு, அதுவும் ரொன்டா என்ற மலையுச்சி ஊருக்குக் கூட்டிப் போகிறார் என்றதும், நாங்கள் வாழ்ந்த சுவிஸ் ஊரான ஷ்லீரனில் இருந்த உறவுக்காரர் எல்லோரும் அங்கே யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்கள்.

“ஒருத்தரும் இல்லை. அதுக்காகத்தான் போறம்,” என்றார் அப்பா.

தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த ஸ்பானியர் ஒருவர் அந்த ஊர்ப் பாலத்தின் படத்தைக் கைபேசியில் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே பிடிவாதம், அம்மாவை அந்தப் பாலத்தின் நடுவில் நிற்கவைத்துக் காட்ட வேண்டும் என்று. அம்மாவோ பல்கனியில் உடுப்புக் காயப்போடும்போதே சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பவர். எனக்கு அப்போது ஒன்பது வயது. இது சரிவராது என்று எனக்கே தெரிந்தது.

ஊரைக் குறை சொல்ல நாக்கு வராது. செங்குத்தான பாறையின் விளிம்பு வரை வெள்ளை வீடுகள். ஊரை இரண்டாகப் பிளந்த பெரும் பள்ளம், அதன் அடியிலிருந்து எழுப்பிய கற்பாலம். நானும் அப்பாவும் நடுவில் நின்று எட்டிப் பார்த்தபோது பறவைகள் எங்களுக்குக் கீழே பறந்தன. பறக்கும் பறவையின் முதுகை நான் பார்த்தது அன்றுதான். அவ்வளவு அழகான இடத்தை அதற்குப் பிறகும் நான் காணவில்லை.

அம்மா பாலம் தொடங்கும் இடத்திலேயே சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றுகிறது, நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அப்பா போய்க் கெஞ்சிவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடியும் போய்க் கேட்டார். கடைசியில், நடுப்பாலத்தில் நின்றபடியே அம்மாவின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்.

வீட்டில் அவர் அம்மாவை ‘இஞ்சாரும்’ என்றுதான் கூப்பிடுவார். தமிழ்க் கடையில் என் பெயரைச் சொல்லி, அவளின் தாய் என்பார்கள். டாக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘ஃப்ராவ்’ என்று ஒரு ஜெர்மன் திருமதி. அம்மாவின் சொந்தப் பெயரை யாரும் உரத்துச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதிலும், கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைத் தும்மக்கூட விடாத அப்பா! சனம் திரும்பிப் பார்த்தது. எனக்கு மானமே போயிற்று. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் இன்னொரு தரம் கூப்பிட்டார்.

அம்மா எழும்பினார். பையை அங்கேயே விட்டுவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தார். அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். இப்ப பாரும்.”

அம்மா எட்டிப் பார்த்தார். விசர்ச் சனம், இதுக்கு மேலையோ வீடு கட்டினதுகள் என்று முணுமுணுத்தார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பயத்தில்தான் அழுகிறார் என்று நினைத்தேன். பாவம் அம்மா, ஏன் இப்படி வதைக்கிறீர்கள் என்று அப்பாவைக் கேட்டும்விட்டேன். “பயமில்லை, பிள்ளை,” என்று அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. மலகா விமான நிலையம் வரும்வரை காரின் பின் சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த இருவரும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அம்மாவுக்காகக் கோபப்பட நான் ஒருத்தியாவது இருக்கிறேனே என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.